ஆயர்களே, அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்!

டிசம்பர் 31 இரவு மணி பன்னிரண்டைத் தாண்டியதும் தமிழ்நாட்டின் பல கிறிஸ்தவ ஆலயங்களில் ஒரு காரியம் நடக்கும். ஆயர் அந்த ஆண்டுக்கான 'வாக்குத்தத்த வசனத்தை' அறிவிப்பார். அச்சடித்த அட்டை கைக்குக் கை வரும். சில சபைகளில் தட்டு நிறையச் சுருட்டிய சீட்டுகள் இருக்கும். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலையில் அந்த வசனம் வீட்டு வாசலில், பைக்கின் முன்பக்கத்தில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் என்று எங்கும் இருக்கும். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள்கூட இந்த அட்டைகளைப் பார்த்திருப்பார்கள்.

இந்த அட்டைகளில் அடிக்கடி வருகிற ஒன்று எரேமியா 29:11. கடவுள் தம் மக்களைப் பற்றி வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை. அவர்களுக்கு நல்ல முடிவைத் தருவதே அவர் எண்ணம் என்பது அதன் கருத்து. அழகான வசனம்தான். அதைக் கேட்டவர்களில் ஒருவருக்கு வேலை கிடைக்கும் என்று தோன்றும். இன்னொருவருக்குக் கல்யாணம், வேறொருவருக்கு விசா.

ஆனால் அதற்கு முந்தைய வசனத்தில் என்ன இருக்கிறது? எழுபது வருஷம்!

அந்த அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ஒரு கூட்டத்தைப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனான். அவர்களுக்கு எரேமியா எழுதியது அது. சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று காத்திருந்தவர்களிடம் அவர் சொல்வதன் சாரம் இவ்வளவுதான்: மூட்டையை அவிழ்த்து வையுங்கள், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்தவர்களின் நகரத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். எழுபது வருஷம் கழித்துத்தான் விடுதலை. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் அநேகர் அந்த விடுதலையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு, 'இந்த எழுபது வருஷத்திலும் உங்களைக் கைவிட்டுவிடவில்லை' என்று சொல்கிறதுதான் அந்தப் பதினோராம் வசனம்.

கடிதத்துக்கு என்ன வரவேற்பு கிடைத்தது தெரியுமா? பாபிலோனில் இருந்த செமாயா என்பவர் கோபப்பட்டு எருசலேமின் ஆசாரியனுக்குப் பதில் கடிதம் போட்டார். இந்த எரேமியாவை ஏன் இன்னும் பிடித்து அடைக்காமல் இருக்கிறீர்கள் என்று கேட்டார்! இன்று அட்டையில் அச்சாகிற வசனத்துக்கு அன்று கிடைத்த பின்னூட்டம் அது.

இதற்கு முந்தைய 28-ம் அதிகாரத்தை ஒவ்வொரு போதகரும் வருஷத்துக்கு ஒரு முறையாவது தனியாக உட்கார்ந்து வாசிக்கலாம். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் கூடியிருக்க, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அறிவிக்கிறார். கொள்ளைபோன ஆலயப் பாத்திரங்கள் திரும்பி வரும், சிறைப்பட்ட ராஜா திரும்பி வருவான் என்கிறார். எரேமியாவின் முதல் பதில் ஆச்சரியமானது. 'ஆமென்' என்கிறார். அவருக்கும் அது நடந்தால் சந்தோஷம்தான்! கெட்ட செய்தி சொல்வதில் ருசி கண்டவர் அல்ல அவர். ஆனாலும் அது கடவுள் சொன்னது அல்ல என்பது அவருக்குத் தெரியும். அனனியா எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தைப் பிடுங்கி எல்லார் முன்பாகவும் முறித்துப் போடுகிறார். கூட்டத்தில் பலத்த அல்லேலூயா எழுந்திருக்கும் என்று ஊகிக்கலாம். எரேமியா பேசாமல் தன் வழியே போய்விடுகிறார்.

இரண்டு மாதத்தில் அனனியா இறந்துபோனார். இரண்டு வருஷ விடுதலையும் வரவில்லை. எருசலேமே விழுந்தது.

எரேமியாவின் வசனத்தை எடுத்து, அனனியாவின் பாணியில் சொல்வதுதான் டிசம்பர் 31 இரவில் நடக்கிற விபரீதம். வசனம் எரேமியாவுடையது. கெடு மட்டும் அனனியாவுடையது. அதுகூட இரண்டு வருஷம் இல்லை, பன்னிரண்டே மாதம்!

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் களைத்துப்போய் வருகிறார்கள். கடன், நோய், வீட்டில் சண்டை. அவர்களிடம் போய் பாபிலோன் வரலாறு நடத்த முடியுமா? ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

குறைவது இதுதான். மகனின் காய்ச்சல் ஒரு வருஷமாகத் தீராத தாய் ஒருத்தி, ஜனவரி முதல் தேதி வாங்கிய அட்டையோடு அடுத்த டிசம்பரிலும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். வாக்குத்தத்தம் ஏன் நிறைவேறவில்லை? கடவுள் பொய் சொல்ல மாட்டார். ஆயரும் பொய் சொல்ல மாட்டார் என்று அவள் நம்புகிறாள். ஆகவே குற்றம் தன்னுடைய விசுவாசத்தில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுவாள். நோயோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். அவளுக்கு எழுபது வருஷத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், தீராத காய்ச்சலின் நடுவிலும் கைவிடாத கடவுளைப் பற்றி அறிந்திருப்பாள். அந்த ஆறுதல் டிசம்பரில் காலாவதியாகாது.

பரீட்சை ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி வைக்கப்படுகிற பிலிப்பியர் 4:13 கதையும் இதேதான். கிறிஸ்துவின் பெலத்தால் எல்லாவற்றையும் செய்ய முடியும் என்று பவுல் சொன்னது அரியர் எழுதப் போகும்போது அல்ல. காவலில் இருந்தபடி, பட்டினி கிடக்கவும் பழகிவிட்டேன், நிறைவாக இருக்கவும் பழகிவிட்டேன் என்று முந்தைய வசனத்தில் சொல்லிவிட்டுத்தான் அதைச் சொல்கிறார். பெயிலானாலும் தாங்க முடியும் என்பதும் அதில் அடக்கம்!

இவற்றையெல்லாம்விட வேடிக்கை மல்கியா. காணிக்கை பிரசங்கம் என்றால் மல்கியா 3:10 வராமல் இருக்காது. தசமபாகத்தைக் களஞ்சியத்தில் கொண்டுவந்து போடுங்கள், வானத்தின் ஜன்னல்கள் திறக்கும் என்ற பகுதி. ஐந்து வசனம் முன்னால் போனால், கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவனுக்கும், விதவைகளையும் அநாதைகளையும் ஒடுக்குகிறவனுக்கும், அந்நியனுக்கு நியாயத்தைப் புரட்டுகிறவனுக்கும் விரோதமாகக் கடவுளே சாட்சி சொல்ல வருவதாக இருக்கிறது. இன்னும் ஒரு அதிகாரம் முன்னால் போனால், பேச்சே ஆசாரியர்களிடம்தான். ஜனங்களுக்கு வேதத்தைச் சரியாகப் போதிக்காமல் அநேகரை இடறப் பண்ணினீர்கள் என்ற கடுமையான குற்றச்சாட்டு. காணிக்கைப் பைக்கு மூன்றாம் அதிகாரம் வேண்டும், பிரசங்க பீடத்துக்கு இரண்டாம் அதிகாரம் வேண்டாம் என்றால் எப்படி?

பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, ஊழியக்காரர்களை 'உக்கிராணக்காரர்' என்று குறிப்பிடுவதாகத் தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. இன்றைய இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்த வார்த்தை புரியும்? பெரும்பாலான சபைகளில் இன்னும் வாசிக்கப்படுவது 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. உக்கிராணம் என்றால் பண்டகசாலை. உக்கிராணக்காரர் அதைக் காப்பவர். அரிசியும் பருப்பும் அவருடையவை அல்ல. எஜமான் வைத்ததை, வீட்டில் இருக்கிறவர்களுக்கு வேளாவேளைக்கு அளந்து கொடுப்பதுதான் வேலை. தனக்குப் பிடிக்கவில்லை என்று பாகற்காயை ஒளித்து வைக்கவும், எல்லாரும் கேட்கிறார்கள் என்று தினமும் பாயசமே கொடுக்கவும் அவருக்கு அதிகாரம் இல்லை. அவரிடம் கேட்கப்படுகிற ஒரே கணக்கு உண்மையாயிருந்தாரா என்பது. எத்தனை பேர் சாப்பிட வந்தார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபை பிறந்ததே இப்படி ஒரு புத்தகத்தைச் சுற்றித்தான். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அது 1715-ல் அங்கேயே அச்சாகி முடிந்தது. 1733 டிசம்பரில் ஆரோன் என்ற தமிழர் அங்கே குருவாக அபிஷேகம் பெற்றார். இந்தியாவில் புராட்டஸ்டண்ட் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர். அவர் ஊர் ஊராகப் போய் போதித்த காலத்தில் ஜனங்களின் கையில் புத்தகம் இல்லை, இருந்தாலும் அநேகருக்கு வாசிக்கத் தெரியாது. இன்று எல்லார் கையிலும் செல்போனில் முழு வேதாகமம் இருக்கிறது. அப்படியானால் ஆயருக்கு என்ன வேலை மிச்சம்? விளக்குகிற வேலைதான்! நெகேமியா 8-ம் அதிகாரத்தில் எஸ்றா காலையிலிருந்து நண்பகல் வரை நியாயப்பிரமாண புத்தகத்தை வாசிக்கிறார். வாசித்தது ஜனங்களுக்குப் புரியும்படி லேவியர் விளக்குகிறார்கள். புரிந்தபோது ஜனங்கள் அழுதார்கள். பிறகு சந்தோஷப்பட்டு விருந்து கொண்டாடினார்கள். அன்று யாரும் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்? ஒரே வழிதான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பல நூற்றாண்டுகளாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒரு வழி உண்டு. வேதாகமத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து, முதல் அதிகாரத்திலிருந்து கடைசி வரை வரிசையாகப் பிரசங்கிப்பது. இதில் ஒரு பெரிய லாபம், ஆயர் எதையும் தாவ முடியாது. பணக்காரர்களைக் கண்டிக்கும் யாக்கோபு 5-ம் அதிகாரம் வருகிற வாரத்தில் சபையின் பெரிய காணிக்கைக்காரர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாலும், 'என்னைக் குறிவைத்துப் பேசினார்' என்று அவர் சொல்ல முடியாது. போன வாரம் நான்காம் அதிகாரம், இந்த வாரம் ஐந்தாம் அதிகாரம், அவ்வளவுதான். ஆயருக்கு இதைவிட நல்ல கவசம் கிடையாது.

எரேமியாவிலேயே தொடங்கலாம். 52 அதிகாரங்கள். வாரம் ஒன்று என்றால் சரியாக ஒரு வருஷம். ஜனவரியில் ஆரம்பித்தால் 29-ம் அதிகாரம் ஜூலை மாதத்தில் வரும். அதற்கு முந்தைய ஞாயிறே சபையார் அனனியாவைச் சந்தித்திருப்பார்கள். அட்டை அச்சடித்தாலும் பத்து, பதினொன்று இரண்டு வசனங்களையும் சேர்த்து அச்சடிக்கலாம். இடம் போதும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். உண்மையாகப் போதிப்பது என்றால் ஒன்றரை மணி நேரம் கிரேக்க வார்த்தைகளுக்கு வேர் தோண்டுவது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். பவுலே நடுராத்திரி வரை பிரசங்கித்தபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தான். பவுல் அவனை உயிரோடு எழுப்பினார். அந்த வரம் எல்லாருக்கும் இல்லை என்பதால் நாற்பது நிமிஷத்தில் முடிப்பது நல்லது.

உண்மையாகப் போதிக்கிறவருக்கு என்ன கிடைக்கும்? இதற்குப் பதில் சொல்ல சார்லஸ் சிமியோன் கதை பொருத்தமானது. இவர் இங்கிலாந்துக்காரர். இந்தியாவுக்கு வந்தவர் அல்ல. ஆனால் 1820-ல் ரேனியஸை நெல்லைச் சீமைக்கு அனுப்பிய சர்ச் மிஷனரி சங்கம் 1799-ல் உருவாகக் காரணமாயிருந்தவர்களில் இவரும் ஒருவர். அந்த வகையில் பாளையங்கோட்டைச் சபைகளுக்குத் தூரத்துச் சொந்தம்.

1782-ல் கேம்பிரிட்ஜ் நகரத்தின் ஹோலி டிரினிட்டி ஆலயத்துக்கு அவர் ஆயராக நியமிக்கப்பட்டபோது வயது 23. சபையாருக்கு அவரைப் பிடிக்கவில்லை. உதவி குருவாயிருந்த ஹாமண்ட் என்பவர்தான் வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்தில் ஆலய இருக்கைகளுக்குக் கதவும் பூட்டும் உண்டு, குடும்பத்துக்கு ஒரு இருக்கை. அவர்கள் இருக்கைகளைப் பூட்டிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். கேட்க வந்தவர்கள் நடைபாதையில் நின்றார்கள். சிமியோன் தன் சொந்தப் பணத்தில் பெஞ்சுகள் வாங்கிப் போட்டார். ஆலய நிர்வாகிகள் அவற்றைத் தூக்கி வெளியே எறிந்தார்கள்! மாலை ஆராதனை தொடங்கினார். கதவையே பூட்டினார்கள். ஞாயிறு மதியப் பிரசங்கத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் உரிமை சபையாரிடம் இருந்தது. பன்னிரண்டு வருஷம் அதை வேறு ஆட்களுக்கே கொடுத்தார்கள். கல்லூரி மாணவர்கள் ஆராதனைக்கு நடுவில் வந்து கேலி செய்தார்கள்.

அவர் போய்விடவில்லை. திருப்பிச் சண்டையும் போடவில்லை. நின்றுகொண்டிருந்தவர்களுக்கு வேதத்தை விளக்கிக்கொண்டே இருந்தார். வேத பகுதிக்குள் என்ன இருக்கிறதோ அதை வெளியே எடுப்பதுதான் பிரசங்கம், தன் கருத்தை அதற்குள் திணிப்பதல்ல என்பது அவருடைய கொள்கை. பத்து வருஷத்துக்கு மேல் இருக்கைகள் பூட்டியே கிடந்தன. 1836-ல் இறக்கும் வரை, 54 வருஷம், அதே ஆலயத்தில்தான் இருந்தார். ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை அவர் எழுதிய பிரசங்கக் குறிப்புகள் 2,536, மொத்தம் 21 தொகுதிகள்.

இந்தக் கதையை ஆயர்கள் மாநாட்டில் சொல்லிக் கைதட்டல் வாங்குவது சுலபம். ஆனால் அதில் வழக்கமாக விட்டுவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. சிமியோன் கிங்ஸ் கல்லூரியின் ஃபெலோ. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரியிலேயே அறை, சாப்பாடு, வருமானம். சபையார் காணிக்கை போடாவிட்டாலும் அவருக்கு அடுப்பு எரியும். மதுரையிலோ திருப்பூரிலோ வாடகைக்கு ஹால் பிடித்து, மனைவி பிள்ளைகளோடு சபை நடத்துகிற பாஸ்டருக்கு அந்த வசதி உண்டா? இருபது குடும்பத்தில் ஐந்து குடும்பம் பக்கத்துத் தெருவில் 'அபிஷேகம் பலமாக இருக்கிற' கூட்டத்துக்குப் போய்விட்டால், அந்த மாதமே ஹால் வாடகை இடிக்கும். செவித்தினவு கேட்கிறவர்களுக்கு, பசி போதகருக்கு. தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய எச்சரிக்கையில், ஜனங்கள்தான் தங்கள் காதுக்கு இதமான போதகர்களைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று இருக்கிறது. சந்தையில் வாங்குகிறவனுக்கும் பங்கு உண்டு.

சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் சம்பளம் வேறு இடத்திலிருந்து வரும் என்பதால் இந்தப் பயம் குறைவு. அங்கே பிரச்சினை நேரம். கிராமத்துச் சேகரம் என்றால் பல ஊர்களின் சபைகளை ஒரே ஆயர் பார்க்க வேண்டும். திருமணம், அடக்கம், வீடு பிரதிஷ்டை, பள்ளிக்கூட நிர்வாகம், அசன விழாவுக்கு அரிசி கணக்கு. திருமண்டலத் தேர்தல் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், இரண்டு அணியும் ஆயரின் வீட்டுத் திண்ணையில்தான் உட்காரும். சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு வேதாகமத்தைத் திறக்கிறவரிடம் ஆழமான போதனையை எதிர்பார்ப்பது அநியாயம். அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தில் விதவைகளின் சாப்பாட்டுப் பந்தியில் தகராறு வந்தபோது, அப்போஸ்தலர்கள் அந்த வேலையை அற்பம் என்று தள்ளவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து ஒப்படைத்துவிட்டு, தாங்கள் ஜெபத்திலும் வசனத்திலும் நிலைத்திருந்தார்கள். அரிசி கணக்கைப் பார்க்க ஒவ்வொரு சபையிலும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவராவது இருப்பார். ஆயருக்கு வாரத்தில் இரண்டு காலை நேரங்களை யாரும் தொந்தரவு செய்யாத நேரமாக விட்டுக்கொடுத்தால் போதும், மூன்றே மாதத்தில் பிரசங்கத்தில் வித்தியாசம் தெரியும்.

மாணவர்களுக்கும் இதில் வேலை உண்டு. சிமியோன் வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் அறையில் தேநீர் வைத்து மாணவர்களைக் கூப்பிடுவார். யார் வேண்டுமானாலும் எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். அவருடைய வட்டத்தில் வளர்ந்தவர்தான் 1806-ல் கல்கத்தா வந்து புதிய ஏற்பாட்டை உருதுவில் மொழிபெயர்த்த ஹென்றி மார்ட்டின். தமிழ்நாட்டு ஆயர் ஒருவரிடம் ஆராதனை முடிந்ததும் வருகிற வார்த்தைகள் பெரும்பாலும் 'நல்ல மெசேஜ் ஐயா', அல்லது 'கொஞ்சம் நீளம் ஐயா'. வாலிபர் கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து, 'ஐயா, இன்றைக்கு வாசித்த பகுதியில் ஆறாவது வசனம் புரியவில்லை, முந்தைய அதிகாரத்தோடு இடிக்கிறதே?' என்று கேட்டால் அவர் முதலில் திகைத்துத்தான் போவார். அடுத்த ஞாயிறு அந்த முந்தைய அதிகாரத்தையும் படித்துவிட்டுத்தான் பிரசங்க பீடம் ஏறுவார்.